சுருக்கத் தெரியாத கை

அந்தப் பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பகுதியில், கம்பளி என்றால் ஒரே ஆள்தான். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் வெதுவெது. மெஷின்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும் அந்த நீராவி மூட்டத்தில் ஓர் ஓரமாகக் கல்தொட்டி ஒன்று இருந்தது. தங்க வருகிறவர்களின் ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் கோட்டு எல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். அவர் குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவர் மாதிரி முழங்கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். "வெதுவெதுன்னு இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம்" என்பார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். பெயர் வைக்காமல் விடுவார்களா?

இன்னொன்றும் சொல்வார். "இருபத்தெட்டு வருஷம். இந்தக் கையில ஒரு கம்பளி சுருங்கினது கிடையாது." இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். காலையில் வேலைக்குச் சேர்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குள் இதை மூன்று முறை கேட்டிருப்பான். இஸ்திரி போடுகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் ஆள் பொய் சொல்கிறார் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஹோட்டலைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

வீட்டைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

அவர் வீட்டுக் குளியலறையில் இரண்டு வாளிகள் இருந்தன. சிவப்பு அவருடையது, நீலம் அவர் மனைவியுடையது. பதினோரு வருஷமாக அந்த அம்மாள் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறாள். ஊரார் உடுப்பையெல்லாம் கண்ணும் கருத்துமாக அலசித் தருகிறவர், சொந்த மனைவியின் கைக்குட்டையைக்கூடத் தொட முடியாது. சண்டை என்று ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற அந்த அம்மாள், மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களைப் பற்றி சாயங்காலம் கதை கதையாகச் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடக்கப் போவார்கள். பார்க்கிறவர்கள் கண் வைக்கும்படியான தம்பதிதான். ஆனால் நீல வாளி நீல வாளிதான்.

காரணம் ஒரு ஸ்வெட்டர். மனைவியின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவன். "மாமா, மாமா" என்று இவரிடம் ஒட்டிக்கொள்வான். கரும்பச்சை நிறத்தில், முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட அந்த ஸ்வெட்டரை, கரைக்கு வந்தபோது ஒருமுறை அக்கா வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனான். அடுத்த தடவை வரவில்லை. காய்ச்சல் என்று தந்தி வந்தது, பிறகு இன்னொரு தந்தி. முப்பத்தொரு வயது. அதற்குப் பிறகு அவன் அக்கா வேலையிலிருந்து வந்ததும் அந்த ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்காருவாள், தினமும். அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் அது அழுக்கானபோது, "என்கிட்ட குடு, ஹோட்டல்ல கம்பளிக்குன்னே சோப்பு இருக்கு" என்று அவரே கேட்டு வாங்கிப் போனார்.

திரும்பக் கொண்டுவந்தபோது அது ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பத்தாது. அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது. துண்டு வெளுக்கிற கொதிநீர் மெஷினுக்குள் போய்விட்டது.

"எப்படிப் போச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"எப்படியோ போயிடுச்சு" என்றார்.

அவள் அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு நீல வாளி வாங்கி வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பதினோரு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அவருடைய வார விடுமுறை நாளில், நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தார். 'கம்பளியில் ஃபெல்ட் என்ற நெய்யாத் துணி செய்யக் கற்கலாம். எட்டு வியாழக்கிழமைகள், மாலை மூன்று மணி, மாடி அறை.' பக்கத்தில் மாதிரிக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு ஊசியால் குத்தியிருந்தது. கம்பளி என்றால் அவர் கை சும்மா இருக்காது, தொட்டுப் பார்த்தார். அதே விறைப்பு, அதே தடிமன், விரலை உள்ளே விடாத அதே நெருக்கம். அலமாரியில் இருக்கிற அந்த ஸ்வெட்டர்தான் இது. இதைப் போய் வேண்டுமென்றே செய்கிறார்களா? காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேறு செய்கிறார்களா?

அப்போது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கவும் தெரிந்திருக்கும் அல்லவா? கம்பளியை இப்படி ஆக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆனதைப் பழையபடி திருப்பவும் தெரியாமலா இருக்கும்? யாரிடமும் சொல்லாமல் பெயர் கொடுத்தார். மனைவியிடம் மட்டும், "நூலகத்துல ஒரு வகுப்பு" என்றார். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

மாடி அறை நீளமானது. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். நடுவில் பெரிய மேஜை, மேலே பிளாஸ்டிக் விரிப்பு. மூலையில் இரண்டு பெரிய கெட்டில்கள் எப்போதும் கொதித்துக்கொண்டே இருந்ததால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து, தெரு ஒரு கனவு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. பஸ் போனால் ஒரு சிவப்புக் கறை நகர்ந்து போகும், அவ்வளவுதான். காற்றில் கம்பளிப் பிசிறு மிதந்து வந்து புருவத்தில் உட்காரும். அந்த அறைக்குள் போனால் வியாழக்கிழமைக்கு மணிக்கணக்கு மறந்துபோகும்.

டீச்சருக்கு நாற்பது வயது இருக்கலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் மைதானத்துக்குப் போக வேண்டியது. சீவிய கம்பளியைக் கயிறு மாதிரி நீளமாக வைத்திருந்தார். அதன் நுனியை விரலால் மெல்ல இழுத்தால் புகை மாதிரி ஒரு பிசிறு கையோடு வரும். ஒரு வரிசை குறுக்காக, அதன்மேல் ஒரு வரிசை நெடுக்காக, இப்படி நாலு அடுக்கு. மேலே ஒரு வலைத்துணி. அதன்மேல் சூடான சோப்புத் தண்ணீர். பிறகு உள்ளங்கையால் தேய்க்க வேண்டும், முதலில் பதமாக, போகப்போக அழுத்தி. கடைசியில் சுருட்டி உருட்டி, மேஜையில் ஓங்கி அடிக்க வேண்டும். நூல் வேண்டாம், தறி வேண்டாம். இழைகளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துணியாகிவிடும்.

"வித்தை ஒண்ணும் இல்ல. சூடு, சோப்பு, அடி. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

வெதுவெது மடித்திருந்த சட்டைக் கையை மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டார். எதெல்லாம் கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாக ஓதிக்கொண்டிருந்தாரோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்யச் சொல்கிறார்கள்.

அடுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் வைத்த பிசிறுகள் மூச்சுவிட்டால் பறந்துவிடும்போல அத்தனை சீராக இருந்தன. தண்ணீர் ஊற்றியதும்தான் சங்கடம். அவர் கை தேய்க்காது. ஒத்தி எடுக்கும், தடவும், உள்ளங்கையில் ஏந்தி மெல்லப் பிழியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எதையும் முழு வேகத்தில் செய்கிறவர். முதல் வாரமே ஒரு தட்டு மாதிரி முரட்டு வட்டம் செய்துவிட்டார். வெதுவெதுவின் துண்டை டீச்சர் தூக்கிப் பார்த்தபோது அது ஊறிய ரொட்டி மாதிரி நடுவில் அறுந்து தொங்கியது.

"அண்ணே, கம்பளிக்குத் தாலாட்டா பாடுறீங்க? அது தூங்கிடுச்சு பாருங்க" என்றார் டிரைவர். மேஜை முழுக்கச் சிரிப்பு.

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. தேறாத எதையும் தூக்கிப்போட விடமாட்டார். ஆளுக்கொரு தட்டு, அதில் காயவைத்து, தேதி எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும். "எங்கேருந்து வந்தோம்னு தெரியணும்ல" என்பார். வெதுவெதுவின் தட்டில் முதல் வாரச் சீட்டு விழுந்தது. இரண்டாம் வாரமும் விழுந்தது.

மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், இப்படி ஆனதை, திரும்பப் பழையபடி பிரிக்க முடியுமா?"

டீச்சர் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அவர் விரலிடுக்கில் வைத்து, ஒரு பக்கமாக உருவச் சொன்னார். வழுக்கிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கமாக உருவச் சொன்னார். மெல்லியதாக ஒரு சொரசொரப்பு. "கம்பளி இழைக்கு இது இன்னும் அதிகம். மீன் செதில் மாதிரி மேலெல்லாம் இருக்கும். சூட்டுல விரியும், அசைச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டும். மாட்டினா மாட்டினதுதான். தலைகீழா நின்னாலும் பிரிக்க முடியாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழி அன்று ரொம்ப நீளமாக இருந்தது. அழுகை வந்தது, தெருவில் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டார். வந்த காரியம் முடிந்துபோயிற்று, இனி போக வேண்டியதில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் வியாழக்கிழமை வந்ததும் கால் தானாக மாடி ஏறியது. அந்த மங்கலான வெளிச்சமும், நுரையும், கைக்குள் உருவாகாமல் உருவாகிற அந்த ஏதோ ஒன்றும் அவரை விடவில்லை. நாலாவது சீட்டும் தட்டில் விழுந்தது.

ஐந்தாம் வாரம் டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்று, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஜக்கை எடுத்தார். அதில் பச்சைத் தண்ணீர். யாரும் பார்க்காதபோது வெதுவெது தன் சூடான தண்ணீரில் அதைக் கலந்துகொண்டிருந்தார், நாலு வாரமாக. கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கு இந்த ஜக்கு என்கிட்ட இருக்கட்டும்" என்றார் டீச்சர். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

கெட்டிலிலிருந்து கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். வெதுவெது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்தார், தேய்த்தார். நுரை விரல் வழியாகப் பொங்கி மணிக்கட்டுவரை ஏறியது. மூடிய கண்ணுக்குள் ஹோட்டல் மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவு தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் எண்ணத்தைப் போக விட்டதில்லை. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் சுழன்றன, நடுவே ஒரு கரும்பச்சை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அது மேலே வந்தது, கீழே போனது, திரும்ப வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சின்னதாகி. ஆளில்லாத அந்தக் கைகள் அவரைப் பார்த்து அசைந்தன. மச்சான் கப்பல் ஏறும்போது அப்படித்தான் கையை அசைப்பான். வெதுவெது தேய்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் ஓடியது வேர்வை இல்லை என்று அவருக்குத் தெரியும், துடைக்கவில்லை. பிறகு யாரோ, "அடிங்க அண்ணே!" என்றார்கள். ஓங்கி அடித்தார். நாற்பது முறையாவது அடித்திருப்பார்.

கண்ணைத் திறந்தபோது மேஜையில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. இழுத்தார், வரவில்லை. கிள்ளினார், பிசிறு எழவில்லை. நாலு அடுக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை. டிரைவர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

எட்டாவது வியாழன் வீட்டாரையெல்லாம் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். கடைசியாகச் செய்த பொருளும், பக்கத்திலேயே தேறாதவை கிடக்கும் தட்டும் மேஜையில் வரிசையாக இருந்தன. வெதுவெது செய்திருந்தது ஒரு மூக்குக் கண்ணாடி உறை. ஒரு பக்கம் லேசாகக் கோணல். அவர் மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். தொட்ட விரல் அப்படியே நின்றது. அந்தத் தொடுகை அவளுக்கும் தெரிந்ததுதானே.

"இதை நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா."

"வேணும்னேவா?"

அவர் பதில் சொல்வதற்குள் டிரைவர் புகுந்துவிட்டார். "அதை ஏன் தங்கச்சி கேக்குற! இவரை மாதிரி ஒரு மாணவனை நான் பாத்ததே இல்ல. நாங்க எல்லாம் முதல் வாரமே ஒப்பேத்திட்டோம். இவர் கைல மட்டும் கம்பளி சுருங்கவே மாட்டேங்குது. சூடு ஊத்தினா திருட்டுத்தனமா பச்சைத் தண்ணி கலக்குறார்! இந்தக் கையை வச்சு ஒரு கம்பளியைக் கெடுக்க நாலு வாரம் ஆச்சு, நாலு வாரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த நாலு சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் வாரத்துப் பிசிறை எடுத்தாள். அது அவள் விரலிலேயே பிரிந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. குனிந்து அவற்றைப் பொறுக்கித் திரும்பத் தட்டில் வைத்தாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். தையல் கடையைத் தாண்டியதும் சொன்னாள். "அன்னைக்கு, தம்பி ஸ்வெட்டர். நீங்க தெரிஞ்சு செய்யலையே?"

வெதுவெது நின்றுவிட்டார். "தெரிஞ்சா? நானா?"

"அதுக்கு முந்தின வாரம்தான் சொன்னீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இதையே போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்னு. கோபமா சொன்னீங்க."

சொன்னது அவருக்கு நினைவே இல்லை. இப்போது, தெருவில், அந்தக் குரல் அவர் காதிலேயே கேட்டது. கூடவே கோபமும் வந்தது. நியாயமான கோபம்தான். "பதினோரு வருஷம்! பதினோரு வருஷமா இதையா மனசுல வச்சிருந்தே? கேட்டா என்ன? என்னைப் பத்தி இவ்வளவுதானா நினைச்சே?"

"கேட்டேன். எப்படிப் போச்சுன்னு. எப்படியோ போச்சுன்னீங்க." அவள் குரல் உடைந்தது. "வேற யாரா இருந்தாலும் கைதவறிப் போச்சுன்னு நம்பியிருப்பேன். நீங்கதான் தினமும் சொல்வீங்களே, இந்தக் கையில ஒண்ணும் சுருங்கினதில்லன்னு. தப்பே நடக்காத கையில, அது ஒண்ணு மட்டும் எப்படித் தப்பும்?"

தையல் கடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவரும் நின்றார்.

"அன்னைக்குப் புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார்" என்றார் மெல்ல. "ஸ்வெட்டரைக் கையில வச்சுக்கிட்டே அவர்கிட்ட பேசிட்டிருந்தேன். இந்தக் கையில ஒரு கம்பளி சுருங்கினதில்லன்னு. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணுமே. அதுக்காக ஸ்வெட்டரைப் பக்கத்துல வச்சேன். வச்ச இடம் அழுக்குத் துண்டு ஏத்தின வண்டி. பேசி முடிக்கிறதுக்குள்ள வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. இதை எந்த வாயால வந்து உன்கிட்ட சொல்றது? வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். பிறகு அவர் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷச் சோப்பில் ஊறி அது சுருக்கம் சுருக்கமாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் விடவில்லை.

அந்த ஸ்வெட்டர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சின்னதாகவே இருக்கிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த வியாழக்கிழமை வகுப்பு இல்லை. மதியத் தூக்கம் தெளிந்தும் தெளியாமலும் துணி துவைக்கக் குளியலறைக்குப் போன வெதுவெது, வாசலிலேயே நின்றார். ஜன்னல் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. நீல வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் துணி கவ்விகள். சிவப்பு வாளியில் அவருடைய சட்டைகள், சட்டைகளுக்கு மேலே அவள் வேலைக்குப் போட்டுப் போகிற சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சால்வைக்குத் தனியாக ஒரு தொட்டியில் தண்ணீர் பிடித்தார்.

"சூடு பாத்து!" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கைகூட விரியப் பார்த்தது. விழுங்கிக்கொண்டார்.

"எனக்கும் தப்பும். நீயும் வந்து ஒருதடவை பாரு" என்றார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சேலை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் செய்வது மாதிரியே முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

அவருக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊற்றினார்.